பொறியாளர் செய்ய வேண்டாத வேலைகள்: தயாரிப்பு உருவாக்க அணியில் துணைப் பணியாளர்களைப் பயன்படுத்துவது எப்படி

புதிதாக ஒரு தயாரிப்பு உருவாக்க அணிக்குப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேலை தள்ளிக்கொண்டே போகிறது. மேலே போய்ச் சொன்னால் வரும் முதல் கேள்வி, "இன்னொரு பொறியாளர் வேணுமா?" உடனே தலையாட்டிவிடாதீர்கள். ஒரு நாள் லேபிலும் மேசைகளுக்கு இடையிலும் சும்மா நடந்து பாருங்கள். பல வருட அனுபவம் உள்ள பொறியாளர் கூரியர் பெட்டியைப் பிரித்து, உள்ளே இருக்கும் கனெக்டர்களை பர்ச்சேஸ் ஆர்டரோடு ஒத்துப் பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொருவர் சப்ளையருக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டுக்கொண்டிருப்பார். மூன்றாமவர் டெஸ்ட் ரிப்போர்ட்டில் கிராஃப்களை ஒட்டிப் பக்க எண் போட்டுக்கொண்டிருப்பார். நான்காமவர் இருக்கையிலேயே இல்லை. ஆஸிலாஸ்கோப்பின் புரோப் யார் மேசையில் கிடக்கிறது என்று தேடிப் போயிருக்கிறார்.

இவை எதுவும் வெட்டி வேலை இல்லை. கனெக்டரை யாராவது எண்ணித்தான் ஆக வேண்டும், சப்ளையரை யாராவது விரட்டித்தான் ஆக வேண்டும். அதைச் செய்பவர் இவராகத்தான் இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. இல்லை என்றால் உங்களுக்குத் தேவை இன்னொரு பொறியாளர் இல்லை. ஒரு நல்ல டெக்னீஷியன், அல்லது கொள்முதலைப் பின்தொடரும் ஒருவர், அல்லது டிராயிங்கும் ஆவணங்களும் பார்த்துக்கொள்ளும் ஒருவர்.

இது புதிய யோசனை இல்லை. வேலை அசைவுகளைப் படம்பிடித்து ஆராய்ந்த ஃபிராங்க் கில்பிரெத், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுவை சிகிச்சை அறைகளையும் கவனித்தார். மருத்துவர் கத்தியைத் தேடுவதிலேயே நேரம் போகிறது, அவர் கேட்கக் கேட்க நர்ஸ் கையில் எடுத்துக் கொடுக்கட்டும் என்றார். இன்று அது எல்லா அறுவை அறையிலும் சாதாரண நடைமுறை. மென்பொருளில் ஐபிஎம்மின் ஹார்லன் மில்ஸ் 1970களின் தொடக்கத்தில் இதே வழியில் யோசித்தார்: ஒரு தலைமை நிரலாளர், அவருக்கு ஒரு மாற்று நிரலாளர், கோப்புகளையும் பதிப்புகளையும் பராமரிக்க ஒரு தனி ஆள். ஆனாலும் பெரும்பாலான நிறுவனங்களில் செலவு குறைப்பு என்று வந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்த ஆட்கள்தான். அவர்கள் செய்த வேலை மறைவதில்லை. பொறியாளர் தலையில் வந்து விழுகிறது. சம்பளப் பட்டியலில் அது தெரியாது, அவ்வளவுதான்.

நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள்

இரண்டு வாரம் போதும். ஒவ்வொரு பொறியாளரும் நாள் முடிவில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அன்றைக்கு எதெதற்கு எவ்வளவு நேரம் போனது என்று அரை மணி நேரத் துண்டுகளாக எழுதட்டும். அதற்கு மேல் துல்லியம் வேண்டாம். நிமிடக் கணக்குக் கேட்டால் கற்பனைக் கணக்குதான் வரும்.

தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இது யார் சோம்பேறி என்று பார்க்க இல்லை. தாளில் பெயர்கூட வேண்டாம். "மீட்டிங்", "டெஸ்ட்" என்று பொதுவாக எழுதாமல், "டெஸ்ட் அமைப்பைக் கட்டினேன்", "டெஸ்ட் ஓடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்", "டெஸ்ட் முடிவை ஆராய்ந்தேன்" என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். இந்தப் பிரிவினைதான் பின்னால் உதவும்.

கூடவே இன்னொரு பத்தியும் இருக்கட்டும்: எதற்காகக் காத்திருந்தேன். செய்த வேலையைவிட இந்தப் பத்தியில்தான் அதிக விஷயம் கிடைக்கும். வெல்டிங் முடிய இரண்டு நாள், கொட்டேஷனில் கையெழுத்துக்கு மூன்று நாள், டிராயிங் ரிலீஸுக்கு நான்கு நாள் என்று வரும். வேலை நடந்த நேரத்தைவிட வேலை கிடந்த நேரம் பல மடங்கு என்பது அப்போது தெரியும்.

வேலையைத் துண்டாக வெட்டுங்கள்

பட்டியல் கைக்கு வந்ததும் பலரும் "இது பொறியாளர் வேலை, இது உதவியாளர் வேலை" என்று இரண்டு கட்டம் போட்டுப் பிரிப்பார்கள். அப்படிப் பிரித்தால் உதவியாளர் பக்கம் கொஞ்சம்தான் சேரும், கூரியர் பிரிப்பதும் மீட்டிங் அறை பிடிப்பதும் மாதிரி. பெரிய நேரமெல்லாம் கலப்பு வேலைகளில் ஒளிந்திருக்கிறது. பத்து மணி நேர வேலையில் பொறியாளரின் தீர்மானம் தேவைப்படுவது இரண்டு மணி நேரத்துக்குத்தான். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்துக்காக முழு வேலையும் அவரிடம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெட்டி எடுப்பதுதான் உங்கள் வேலை.

ஈரப்பத வெப்ப டெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 85 டிகிரி செல்சியஸ், 85 சதவீத ஈரப்பதம், 1000 மணி நேரம் என்பது மின்னணுவியலில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. 1000 மணி நேரம் என்றால் கிட்டத்தட்ட 42 நாள். எந்த மாதிரிகளை உள்ளே வைப்பது, எந்த இடைவெளியில் வெளியே எடுத்து அளப்பது, எவ்வளவு மாறினால் தோல்வி என்று கொள்வது, இதெல்லாம் பொறியாளர் தீர்மானிக்க வேண்டியவை. ஒயர்களை டெஸ்ட் நடக்கும் சேம்பரின் (வெப்பமும் ஈரப்பதமும் கட்டுப்படுத்தும் பெட்டியின்) துளை வழியாக வெளியே கொண்டுவந்து அடைப்பது, தினமும் காலையில் வெப்பப் பதிவைப் பார்ப்பது, தண்ணீர்த் தொட்டியை நிரப்புவது, குறித்த நாளில் எடுத்து அளந்து எழுதுவது ஆகியவற்றை ஒரு டெக்னீஷியன் செய்யலாம். பெரும்பாலும் பொறியாளரைவிட நன்றாகவே செய்வார், ஏனென்றால் அது அவருக்கு இடையூறு இல்லை, அதுதான் வேலை. முடிவில் எண்களைப் பார்த்து இது ஏன் நகர்ந்தது என்று யோசிப்பது மறுபடியும் பொறியாளரிடம் வருகிறது.

உதிரிபாகம் வாங்குவதையும் இப்படியே வெட்டலாம், ஆனால் இங்கே கோடு எங்கே விழுகிறது என்பதில் கவனம் வேண்டும். எந்த சப்ளையரிடம் இருப்பு இருக்கிறது, எத்தனை வாரத்தில் வரும், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்று விசாரிப்பது துணைப் பணியாளர் வேலை. "கேட்ட கபாசிட்டர் இல்லை, அதே மதிப்பில் வேறொன்று இருக்கிறது, வாங்கட்டுமா" என்ற கேள்வி மட்டும் பொறியாளரிடம் வந்தாக வேண்டும். இரண்டிலும் 10 மைக்ரோஃபாரட் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் எக்ஸ்7ஆர் வகை செராமிக் கபாசிட்டரின் மதிப்பு மைனஸ் 55 முதல் 125 டிகிரி வரை 15 சதவீதத்துக்கு மேல் மாறாது. ஒய்5வி வகை, மைனஸ் 30 முதல் 85 டிகிரி வரையிலேயே 82 சதவீதம்வரை இழக்கலாம். விலை குறைவு, உடனே கிடைக்கிறது என்று நல்ல மனசோடு இதை மாற்றி வாங்கிவிட்டால் போர்டு அறை வெப்பத்தில் ஒழுங்காக ஓடும், சேம்பருக்குள் போனதும் காரணம் தெரியாமல் தடுமாறும். அதனால் விதியை எழுதி வையுங்கள்: பாக எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் கேட்டுவிட்டுத்தான் ஆர்டர்.

யாரை முதலில் எடுப்பது

காத்திருப்புப் பத்தியில் எது பெரிதோ, அந்த இடத்துக்குத்தான். பதவிப் பெயரைப் பார்த்து ஆள் தேடாதீர்கள்.

பொதுவாக லேபில் கட்டவும் சோதிக்கவும் டெக்னீஷியன்; டிராயிங், மாற்றங்கள், பாகப் பட்டியல் பார்க்க கணினியில் டிராயிங் வரையும் ஒரு கேட் (CAD) டிராஃப்ட்ஸ்மேன் அல்லது ஆவணக் கட்டுப்பாட்டாளர்; கொட்டேஷன் முதல் டெலிவரிவரை பின்தொடர ஒரு கொள்முதல் ஒருங்கிணைப்பாளர்; கையேடும் ரிப்போர்ட்டும் எழுத ஒரு தொழில்நுட்ப எழுத்தாளர்; அட்டவணையும் நினைவூட்டலும் பார்க்க ஒரு புராஜெக்ட் ஒருங்கிணைப்பாளர். சிறிய அணியில் இதில் இரண்டு மூன்று தொப்பிகளை ஒருவரே போட்டுக்கொள்வார். வன்பொருள் அணி என்றால் முதல் ஆள் டெக்னீஷியன் என்பது என் கட்சி. அவர் வந்த முதல் வாரமே வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் பழக்கமும் வரும்.

ஆவணக் கட்டுப்பாட்டாளரைப் பலர் ஆடம்பரம் என்று நினைக்கிறார்கள். அவர் செய்வது சின்னச் சின்ன விஷயங்கள். உதாரணத்துக்கு, அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் (ஏஎஸ்எம்இ) தரநிலையைப் பின்பற்றும் டிராயிங்குகளில், எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ரிவிஷன் எழுத்தாக ஐ, ஓ, க்யூ, எஸ், எக்ஸ், இசட் ஆறையும் பயன்படுத்துவதில்லை. எண்களோடும் மற்றக் குறிகளோடும் குழம்பும் என்பதால். எட்டுப் பொறியாளர்களிடம் விட்டால் ஒருவர் ஹெச்சுக்கு அடுத்து ஐ போடுவார், சப்ளையர் அதை 1 என்று படிப்பார், பழைய டிராயிங்கில் பாகம் செய்து அனுப்புவார். ஒரே ஆள் கையில் ரிலீஸ் இருந்தால் இந்த வகைத் தவறே வராது.

அளவைக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று குறித்த காலத்தில் சோதிக்கும் கேலிபரேஷன் பட்டியலும் அப்படித்தான். ஐஎஸ்ஓ 9001 தரநிலையின் 2015 பதிப்பு, ஒரு அளவைக் கருவி சரியில்லை என்று தெரியவந்தால், அதை வைத்து முன்பு எடுத்த அளவுகள் செல்லுமா என்று ஆராயச் சொல்கிறது. தேதி தாண்டிய ஒரு பவர் மீட்டரால் பல மாதத்து டெஸ்ட் முடிவுகள் கேள்விக்குள்ளாகலாம். எந்த மீட்டருக்கு எப்போது தேதி என்று பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தால் அந்தத் தலைவலியே இல்லை.

வேலையைக் கொடுக்கும் விதம்

பெரும்பாலான அணிகள் சறுக்குவது இங்கேதான். "உதவியாளர் வைத்துப் பார்த்தோம், சரிப்படவில்லை, சொல்லிப் புரியவைக்கிற நேரத்தில் நானே செய்திடலாம்" என்று ஒரு பொறியாளர் சொன்னால், அவர் எழுதிக் கொடுத்த குறிப்பை வாங்கிப் பாருங்கள். இப்படி இருக்கும்:

"பவர் போர்டு டெம்பரேச்சர் டெஸ்ட் எடுத்துக் கொடுங்க. அவசரம்."

எந்த ரிவிஷன் போர்டு? எவ்வளவு சுமை? மூடி போட்டா, போடாமலா? எந்த இடங்களில் அளக்க வேண்டும்? எப்போது நிறுத்தலாம்? அவசரம் என்றால் இன்றைக்கா, இந்த வாரமா? டெக்னீஷியன் ஊகித்துச் செய்வார், அல்லது ஐந்து முறை வந்து கேட்பார். இரண்டிலும் பொறியாளருக்கு எரிச்சல்தான் மிஞ்சும். அதே வேலையை இப்படி எழுதிக் கொடுக்கலாம்:

"போர்டு: ரிவிஷன் சி, வரிசை எண் 7. உள்ளீடு 24 வோல்ட், சுமை 5 ஆம்பியர். கே வகை தெர்மோகப்பிள் ஆறு இடங்களில். இணைத்த படத்தில் குறித்திருக்கிறேன். பெட்டி மூடியிருக்க வேண்டும், மேசை விசிறி அணைந்திருக்க வேண்டும். 10 நொடிக்கு ஒரு அளவீடு. எந்தப் புள்ளியும் 30 நிமிடத்தில் 1 டிகிரிக்கு மேல் மாறவில்லை என்றால் முடிந்தது. இண்டக்டர் 110 டிகிரியைத் தாண்டினால் உடனே சப்ளையை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிடுங்கள். எனக்கு வேண்டியது தரவுக் கோப்பும் அமைப்பின் நாலைந்து புகைப்படங்களும். வியாழன் மதியத்துக்குள் கிடைத்தால் வெள்ளிக்கிழமை ரிவ்யூவுக்குப் போதும். எதற்காக: மூடிய பெட்டியில் விசிறி இல்லாமல் சமாளிக்குமா என்று முடிவெடுக்க."

எழுத எட்டுப் பத்து நிமிடம் ஆகும். ஆனால் அந்த நிமிடங்களில் பொறியாளர் தன் டெஸ்ட்டைத் தானே ஒரு முறை யோசித்துவிடுகிறார். அதற்காகவே எழுதச் சொல்லலாம். கவனித்தீர்களா, "எப்படிச் செய்ய வேண்டும்" என்று இதில் அதிகம் இல்லை. வெப்பம் அளக்கும் தெர்மோகப்பிளை எப்படி ஒட்டுவது என்று டெக்னீஷியனுக்குத் தெரியும். இருப்பது நான்கு விஷயம்: என்ன நிலையில், எப்போது முடிந்ததாக அர்த்தம், எப்போது நிறுத்திவிட்டுக் கூப்பிட வேண்டும், எதற்காக. கடைசி வரியைச் சேர்க்க மறந்துவிடுவார்கள். அதுதான் டெக்னீஷியனைக் கையாளாக இல்லாமல் கூட்டாளியாக நடத்தும் வரி. எதற்கு என்று தெரிந்தவர், "சார், பெட்டியின் காற்றுத் துளை இந்த மாதிரியில் மூடவே இல்லை, அடைத்துவிட்டு எடுக்கட்டுமா?" என்று கேட்பார். தெரியாதவர் துளையோடு எடுத்து, அழகான, பயனற்ற கிராஃப் ஒன்றைக் கொடுப்பார்.

இதற்கென்று பெரிய மென்பொருள் வாங்க வேண்டாம். ஒரு பக்கப் படிவம், அல்லது எல்லோரும் பார்க்கும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். ஒன்றே ஒன்று: வேலை வரும் வழி ஒன்றாக இருக்கட்டும். நடைபாதையில் நிறுத்தி வாயால் சொல்வது, சாட்டில் அனுப்புவது, மேசையில் சீட்டு ஒட்டுவது என்று நாலு வழி இருந்தால் சத்தமாகப் பேசுபவரின் வேலைதான் முதலில் நடக்கும்.

அவரை முழுவதுமாக நிரப்பாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆள் எடுத்தாயிற்று. அடுத்து நிர்வாகம் கேட்கும், "அவருக்கு முழு நேர வேலை இருக்கா?" சில மணி நேரம் சும்மா இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கை துறுதுறுக்கும், இன்னொரு அணியின் வேலையையும் கொண்டுவந்து தலையில் வைப்பார்கள். அன்றிலிருந்து எல்லாம் தாமதமாகத் தொடங்கும்.

காரணம் கணக்கில் இருக்கிறது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த ஏ. கே. எர்லாங், 1909இல் தொலைபேசி அழைப்புகளைப் பற்றி வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது, வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும் என்று கணக்கிடும் வரிசைக் கோட்பாடு. அதன் மிக எளிய வடிவத்தைப் பாருங்கள். வேலைகள் முன்பின்னாக வருகின்றன, ஒவ்வொன்றும் சராசரியாக ஒரு மணி நேரம் எடுக்கிறது, செய்ய ஒரே ஆள். அவர் நேரத்தில் 50 சதவீதம் நிரம்பியிருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு மணி நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் 4 மணி நேரம். 90 சதவீதம் என்றால் 9. 95 சதவீதம் என்றால் 19, அதாவது இரண்டு வேலை நாளுக்கும் மேல். ஒரு மணி நேர வேலைக்கு! உங்கள் லேபில் எண்கள் இப்படியே வராது, ஆனால் வளைவு இப்படித்தான் ஏறும். 80க்கும் 95க்கும் நடுவில் நீங்கள் சேமித்தது ஒருவரின் 15 சதவீத நேரம். அதற்கு விலையாக அவருக்குப் பின்னால் எல்லாப் பொறியாளர்களும் நிற்கிறார்கள்.

நின்றால் சும்மா நிற்க மாட்டார்கள். இரண்டு நாள் காத்திருக்கச் சொன்னால், "நானே சால்டர் பண்ணிக்கிறேன்" என்று எழுந்து போய்விடுவார்கள். பழையபடி கூரியர் பெட்டி, பழையபடி போன். துணைப் பணியாளர் இருந்தும் இல்லாத அணியாகிவிடும்.

ஆகவே தொடக்கத்தில் 60, 70 சதவீதம் என்ற அளவில் வையுங்கள். மீதி நேரத்துக்கு, நடுவில் நிறுத்தினாலும் பாதகமில்லாத வேலைகளைக் கொடுக்கலாம்: லேப் அலமாரியை ஒழுங்குபடுத்துவது, பாகத்தைப் பிடித்து வைக்க அடிக்கடி தேவைப்படும் ஃபிக்ஸர் செய்வது, கேபிள்களுக்குப் பெயர் ஒட்டுவது, செயல்முறைகளை எழுதி வைப்பது. அவசர வேலை வந்ததும் இதைக் கீழே வைத்துவிட்டு அதைக் கையில் எடுப்பார். டொயோட்டா பாணி தொழிற்சாலைகளில் அசெம்பிளி செய்பவர்களுக்குப் பாகங்களைக் கொண்டுபோய்க் கொடுக்க மிஸுசுமாஷி என்று தனியாக ஒருவர் இருப்பார். அவர் எத்தனை பாகம் சுமந்தார் என்று யாரும் பார்ப்பதில்லை. லைன் நின்றதா என்றுதான் பார்ப்பார்கள்.

வரிசை முறை பற்றி இன்னொரு வார்த்தை. எல்லா வேலையும் "அவசரம்" என்று வந்தால் எதுவும் அவசரம் இல்லை. திங்கட்கிழமை காலையில் பத்து நிமிடம் நீங்களும் அவரும் உட்கார்ந்து வரிசையைப் பாருங்கள். முன்னுரிமையைத் தீர்மானிப்பது உங்கள் பொறுப்பு, அவருடையது இல்லை. இரண்டு மூத்த பொறியாளர்கள் நடுவில் ஒரு டெக்னீஷியனை மாட்டிவிட்டு "நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க" என்று நழுவுவது நியாயமும் இல்லை, வேலைக்கும் ஆகாது.

அணிக்குள்ளா, பொதுவிலா

எல்லா அணிகளுக்கும் சேர்த்து ஒரு பொதுச் சேவைப் பிரிவு வைப்பது காகிதத்தில் சிக்கனம். கணக்கும் அதன் பக்கம் கொஞ்சம் இருக்கிறது: ஒரே வரிசைக்கு மூன்று பேர் இருந்தால், தனித்தனி வரிசையில் ஒவ்வொருவர் இருப்பதைவிடக் காத்திருப்பு குறையும். ஆனால் அந்தக் கணக்கு எல்லா வேலையும் எல்லோருக்கும் ஒன்று என்று எடுத்துக்கொள்கிறது. நிஜத்தில் உங்கள் தயாரிப்பைத் தெரிந்த டெக்னீஷியன் ஒரு போர்டைப் பார்த்ததும் "இது அந்தப் பழைய ரெகுலேட்டர் போட்டதாச்சே" என்பார். பொதுப் பிரிவிலிருந்து இன்று வருபவர் வேறு, நாளை வருபவர் வேறு. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து விளக்க வேண்டும். மெஷினிங், 3டி பிரிண்டிங், கேலிபரேஷன் போல எந்த அணிக்கும் ஒரே மாதிரியான வேலைகளைப் பொதுவில் விடுங்கள். தயாரிப்பைப் புரிந்துகொண்டு செய்ய வேண்டியவற்றை அணிக்குள் வையுங்கள்.

சாவியைக் கொடுங்கள்

இது நீட்டிச் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை, ஆனால் இது இல்லாமல் மற்றதெல்லாம் வீண். கொள்முதல் ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொரு சின்ன ஆர்டருக்கும் பொறியாளர் கையெழுத்துக்கு வந்து நின்றால் எதுவும் மிச்சமாகவில்லை. ஒரு தொகைவரை கேட்காமல் வாங்கலாம் என்று எழுத்தில் கொடுங்கள். டிராஃப்ட்ஸ்மேனுக்கு டிராயிங் சேமிக்கும் முறைமையில் முழுக் கணக்கு வேண்டும், படிக்க மட்டும் அனுமதி போதாது. சப்ளையர்களுக்கு ஒரு மடல் போட்டு, இனி டெலிவரி விஷயமெல்லாம் இவரிடம் பேசுங்கள் என்று அறிமுகப்படுத்துங்கள். லேப் சாவி, அலமாரிச் சாவி, ஸ்டோர் அனுமதி எல்லாம் அவர் சேரும் முதல் நாளே தயாராக இருக்கட்டும்.

எதைக் கொடுக்கக் கூடாது

டாலரன்ஸ் (அளவில் எவ்வளவு வித்தியாசம்வரை ஏற்கலாம் என்பது) தீர்மானிப்பது, பாதுகாப்புச் சான்றில் கையெழுத்து, வாடிக்கையாளருக்குத் தேதி சொல்வது. இவை தெரிந்தவை, விளக்கம் தேவையில்லை.

தெரியாமல் கைநழுவுவது வேறொன்று. ஒரு புரோட்டோடைப் முதன்முதலாக உயிர்பெறும் நேரத்திலும், முதன்முதலாகச் செத்துப்போகும் நேரத்திலும், வடிவமைத்தவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். ரிப்போர்ட்டில் "போர்டு செயலிழந்தது" என்று வரும். பக்கத்தில் இருந்தவருக்கு, அதற்கு முன் இரண்டு நொடி ஒரு சன்னமான சீழ்க்கைச் சத்தம் கேட்டது என்பது தெரியும். அந்தச் சத்தம்தான் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரே அமைப்பைத் திரும்பத் திரும்ப ஓட்டுவதைத் தாராளமாகக் கொடுங்கள். முதல் ஓட்டத்தைக் கொடுக்காதீர்கள். புதிதாகச் சேர்ந்த இளம் பொறியாளர்களுக்கு இது இன்னும் பொருந்தும்: முதல் சில மாதங்களாவது அவர்கள் டெக்னீஷியனோடு நின்று தங்கள் கையால் கட்டட்டும். ஸ்க்ரூ டிரைவர் நுழையாத இடத்தில் ஸ்க்ரூ வைத்து வரைபவர்கள், அதை ஒரு தடவை தாங்களே கழற்றிப் பார்த்தால் மறுபடி அப்படி வரைய மாட்டார்கள்.

மரியாதை

டெக்னீஷியனை டிசைன் ரிவ்யூவுக்குக் கூப்பிடுங்கள். சும்மா உட்கார வைக்க இல்லை; "இதை எப்படிக் கட்டுவீங்க, எது கஷ்டம்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ரிப்போர்ட்டில் அளவுகள் எடுத்தவர் பெயர் இருக்கட்டும். பொறியாளரின் சொந்த வேலைகளுக்கு, டிக்கெட் புக் பண்ணுவது, காபி வாங்கி வருவது மாதிரி, அவரைப் பயன்படுத்துவதை முதல் முறையே தடுத்துவிடுங்கள். ஒரு முறை அனுமதித்தால் நல்ல ஆள் போய்விடுவார். போகும்போது அவர் மட்டுமே தெரிந்துவைத்திருந்த அத்தனை விவரமும் கூடவே போகும். ஐந்து வருடம் கழித்து அவர் என்னவாகலாம் என்று இன்றே ஒரு பதில் வைத்திருங்கள்: மூத்த டெக்னீஷியன், லேப் பொறுப்பாளர், டெஸ்ட் பொறியாளர். எதுவும் இல்லை என்றால் அவரே வேறு இடத்தில் தேடிக்கொள்வார்.

பலன் தெரிகிறதா

துணைப் பணியாளர் எத்தனை மணி நேரம் வேலை செய்தார் என்று அளக்காதீர்கள். அளந்தால் 95 சதவீதத்தில் போய் நிற்பீர்கள். வேலை கேட்ட நேரத்துக்கும் கைக்கு வந்த நேரத்துக்கும் இடைவெளி எவ்வளவு, எத்தனை வேலை திருப்பிச் செய்ய வேண்டிவந்தது, இந்த இரண்டும் போதும். திருப்பிச் செய்த வேலைகள் கூடினால் முதலில் படிவங்களை எடுத்துப் படியுங்கள், ஆளைத் திட்டப் போகாதீர்கள். மூன்று மாதம் கழித்து அந்த இரண்டு வாரக் கணக்கை மறுபடி எடுங்கள். பொறியாளர்களின் தாளில் வடிவமைப்பு நேரம் கூடியிருக்க வேண்டும். கூடவில்லை, ஆனால் மற்ற வேலை குறைந்திருக்கிறது என்றால், மிச்சமான நேரத்தை மீட்டிங்குகள் விழுங்கிவிட்டன. அது வேறு வைத்தியம்.

நிர்வாகத்திடம் பேச ஒரு சின்னக் கணக்கு. ஒரு துணைப் பணியாளரின் செலவு பொறியாளருடையதில் பாதி என்று வைத்துக்கொள்வோம். நான்கு பொறியாளர்களிடமிருந்து ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் எடுத்தாலே அவர் செலவு ஈடாகிவிடும். இரண்டு மணி நேரம் எடுத்தால் ஒரு முழுப் பொறியாளர் கிடைத்த மாதிரி, அதுவும் தயாரிப்பை ஏற்கெனவே தெரிந்த பொறியாளர். புதிதாக ஒருவரை எடுத்தால் அவர் பழகச் சில மாதம் ஆகும். எட்டுப் பேர் அணியில் ஒருவருக்கொருவர் பேச வேண்டிய இணைப்புகள் 28, ஒன்பதாவது பொறியாளர் வந்தால் அது 36. துணைப் பணியாளர் வந்தாலும் பேச்சு கூடும்தான், ஆனால் அது ஒரு படிவத்துக்குள் அடங்கும்; வடிவமைப்பு முடிவுகளில் எட்டுப் பேரோடும் அவர் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஆள் எடுக்கப் பணமே இல்லை என்றால்

பக்கத்து அணியோடு பேசி ஒருவரைப் பாதிப் பாதியாகப் பகிரலாம். அப்போது நாட்களைக் கறாராகப் பிரியுங்கள்: திங்கள், செவ்வாய் உங்களுக்கு, புதன், வியாழன் அவர்களுக்கு, வெள்ளி இருவருக்கும் மிச்சம் உள்ளதற்கு. மணிக்கணக்கில் பிரித்தால் இரண்டு அணியும் இழுத்துக் கிழித்துவிடும். ரிப்போர்ட் எழுதுவது, டிராயிங் சுத்தம் செய்வது போன்றவற்றை ஒப்பந்தத்தில் வெளியே கொடுக்கலாம். ஆனால் படிவம் இன்னும் தெளிவாக இருக்க வேண்டும், எழுந்து வந்து கேட்க அவர் பக்கத்தில் இருக்க மாட்டார். பயிற்சிக்கு வரும் மாணவர்களை வைத்துச் சமாளிக்கும் யோசனை அடிக்கடி வரும். அவர்கள் கற்றுக்கொள்ள வந்தவர்கள், ஒரு பொறியாளரின் நேரத்தைக் கேட்பார்கள், பழகியதும் போய்விடுவார்கள். அவர்களைத் துணைப் பணியாளர் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எதுவுமே முடியாது என்றால், பொறியாளர்கள் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்து, அந்த வாரத்துக்குக் கூரியர், சப்ளையர் போன், லேப் ஒழுங்கு எல்லாவற்றையும் ஏற்கட்டும். மற்றவர்களை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. இது தற்காலிக ஏற்பாடுதான். ஆனால் அந்த வாரங்களில் வந்த வேலைகளை அதே படிவத்தில் எழுதி வைத்துக்கொண்டே வாருங்கள். அடுத்த பட்ஜெட் பேச்சுக்குப் போகும்போது அந்தக் கத்தையை மேசையில் வைத்துவிட்டு ஆள் கேட்கலாம்.